அவள் பங்கு இரும்பு

கீரை காணாமல் போய்விட்டது.

இரண்டு கையாலும் அள்ளிப் போட்ட கீரை. சட்டியின் விளிம்பைத் தாண்டி எழும்பி நின்றது. மூடியைப் போட்டு அமுக்கிவிட்டு, பக்கத்து அடுப்பில் பாஸ்தா வெந்துவிட்டதா என்று பார்த்துத் திரும்புவதற்குள், ஒரு கைப்பிடியாகச் சுருண்டு கிடந்தது. எடைமேடைக்காரர் கரண்டியால் அதைப் புரட்டிப் பார்த்தார். எங்காவது ஒளிந்திருக்குமோ என்று சட்டியைச் சாய்த்தும் பார்த்தார். அவ்வளவுதான். வேறு இல்லை.

அவர் தொழிலில் இப்படியெல்லாம் நடப்பதில்லை. ஊருக்கு வெளியே, நெடுஞ்சாலை ஓரத்தில், லாரிகளை எடை போடும் மேடை அவர் பொறுப்பில் இருந்தது. மணலோ ஜல்லியோ ஏற்றிக்கொண்டு லாரி வந்து மேடையில் நிற்கும். மொத்த எடையிலிருந்து காலி லாரியின் எடையைக் கழித்து, சரக்கு இவ்வளவு என்று சொல்வார். நின்ற இடத்திலேயே ஒரு லாரியின் சரக்கு சுருங்கிப்போனதை அவர் பார்த்ததே இல்லை.

"என்னங்க, ஏதோ தீயுற வாசனை வருதே?" என்று கூடத்திலிருந்து மனைவி குரல் கொடுத்தாள்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. நீ எழுந்து வராத. பேசாம உட்காரு."

தீய்ந்தது பூண்டு. அதை ஓரமாக ஒதுக்கினார்.

அவள் உட்கார்ந்தே இருக்கவேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். முந்தின நாள், இரண்டு பேருமாகக் கொடுத்திருந்த ரத்தத்தின் ரிசல்ட்டை வாங்கிக்கொண்டு அவள் மட்டும் போய் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்தாள்.

"ரத்தம் ரொம்பக் குறைவா இருக்காம். இரும்புச் சத்தே இல்லையாம்" என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் ஒரு தலைவலி என்று படுத்தவள் இல்லை. கண்ணாடிக் கடையில் காலையிலிருந்து மாலை வரை நின்றுகொண்டே, வருகிறவர்களை எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லி, "இது தெளிவா இருக்கா, இல்ல அது தெளிவா இருக்கா?" என்று பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருப்பாள். வீட்டுக்கு வந்தும் நின்றுகொண்டேதான் இருப்பாள்.

"அதுக்கு என்ன பண்ணணுமாம்?"

"முதல்ல சாப்பாட்டை மாத்துங்க, கொஞ்ச நாள் கழிச்சு மறுபடி ரத்தம் பார்ப்போம்னு சொன்னாரு. கீரை, காய்கறி, பயறு எல்லாம் தினமும் உள்ள போகணுமாம்."

"போகும். நான் பார்த்துக்கறேன்."

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "நீங்களா?"

"ஏன், நான் பண்ணக் கூடாதா? நாளையிலேர்ந்து சமையல் என்னோடது. நீ அடுப்பங்கரைப் பக்கமே தலைகாட்டக் கூடாது."

அவள் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "சரி. செய்யறதுன்னா பாஸ்தாவா செய்யுங்க. அதுல எந்தக் காயைப் போட்டாலும் தெரியாது" என்றாள்.

இந்த உலகத்தில் எடைமேடைக்காரர் காய்கறி என்று ஒப்புக்கொண்டது உருளைக்கிழங்கை மட்டும்தான். அதுவும் எண்ணெயில் பொரிந்து வந்தால். மற்றதெல்லாம் தட்டின் ஓரத்தில் வந்து உட்கார்ந்து, அப்படியே திரும்பிப் போகும். பகலெல்லாம் டீயும் பன்னும் பிஸ்கட்டும்தான் ஆகாரம். இப்படிப்பட்ட மனிதர் சந்தைக்குப் போய், கீரைக்காரியிடம், "இதுல இரும்பு எவ்வளவு இருக்கும்?" என்று கேட்டார். அவள் கட்டை உதறிக் காட்டி, "கல்லு மண்ணுகூட இருக்காதுங்க, நம்பி வாங்கிட்டுப் போங்க" என்றாள்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். அவர் பாஸ்தாவை முழுக்க அவள் தட்டில் கொட்டி, தனக்கு நாலு துண்டு ரொட்டியும் பொரித்த கிழங்கும் வைத்துக்கொண்டார்.

"வெந்த பாஸ்தாவைத் தராசுல வெச்சுப் பார்த்தேன். பாக்கெட்டுல நூறு கிராமுக்கு இவ்வளவு புரதம்னு போட்டிருக்கான். பெருக்கிப் பார்த்தா, நீ இன்னிக்கு ஒருவேளையில சாப்பிடப் போற புரதம் ரெண்டு பேருக்குக் காணும்" என்றார் பெருமையாக.

"பாக்கெட்டுல போட்டிருக்கறது வேகாத பாஸ்தாவுக்குல்ல?"

எடைமேடைக்காரரின் கை நடுவழியில் நின்றது. வெந்த பாஸ்தாவில் பாதிக்கு மேல் தண்ணீர். சரக்கோடு சேர்த்துத் தண்ணீரையும் எடை போட்டிருக்கிறார்! ஈர மணலைக் கொண்டுவந்து நிறுத்தும் லாரிக்காரர்களை இதற்காகத்தான் அவர் வாய்க்கு வந்தபடி திட்டுவார்.

"சாப்பிடு, ஆறிடும்" என்றார் சுருதி இறங்கி.

அவள் முள்கரண்டியை எடுக்கவில்லை. "நீங்க சாப்பிடலையா?"

"நான் என்னிக்கு இதையெல்லாம் சாப்பிட்டிருக்கேன்?"

"எனக்குத் தனியா இறங்காது."

"தனியா எங்க? எதிர்லதானே இருக்கேன்?"

"நீங்க கிழங்கு சாப்பிடுவீங்க, நான் மட்டும் கீரை சாப்பிடணுமா? முடியாது. பாதி எடுத்துக்கிட்டா சாப்பிடறேன். இல்லாட்டி எடுத்து வெச்சுடுங்க."

வேறு வழியில்லாமல் பாதியை வாங்கிக்கொண்டார். மருந்து விழுங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். கண்ணைத் திறந்தபோது அவள் அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகுதான் தன் தட்டில் கை வைத்தாள்.

படுக்கப் போகும்போது அவருக்குக் கணக்கு உறைத்தது. கீரை ஒரு கைப்பிடி. அதில் பாதி அவர் வயிற்றில். மிச்சம் அவளுக்குப் போனது எவ்வளவு? ஒரு ஸ்பூன்!

மறுநாளிலிருந்து எல்லாவற்றையும் இரட்டிப்பாக்கினார். அவளும் தன் தட்டிலிருந்து சரிபாதியை அவர் தட்டுக்குத் தள்ளினாள். அவள் பங்கை ஏற்றுவதற்காக அவர் கூட்டக் கூட்ட, அவர் பங்கும் கூடவே ஏறியது. சட்டி போதாமல் அண்டா வந்தது. கேரட் வந்தது, பீன்ஸ் வந்தது, ஒருநாள் பீட்ரூட் வந்தது. அன்றைக்குப் பாஸ்தா, சட்டி, கரண்டி, சமையல் மேடை, அவர் சட்டையின் முன்பக்கம் எல்லாம் ஒரே சிவப்பு. அந்தச் சட்டையோடு குப்பை கொட்டப் போனவரைப் பார்த்து எதிர்வீட்டுக்காரர், "யாரைக் கூப்பிடணும் சார், ஆம்புலன்ஸையா போலீஸையா?" என்று கதவுக்குப் பின்னால் நின்று கேட்டார்.

இதற்கிடையில் மருந்துக்கடைக்காரரிடம் யோசனை கேட்கப் போனது இன்னொரு வினையாயிற்று.

"கீரையில இருக்கற இரும்பு அவ்வளவு சுலபமா உடம்புல சேராது சார். கூடவே தக்காளி, குடைமிளகாய், எலுமிச்சை ஏதாவது சேருங்க. கொண்டைக்கடலை நிறைய போடுங்க" என்றார் அவர். "முக்கியமா, சாப்பாட்டோட டீ குடிக்கக் கூடாது. டீ இரும்பை உள்ள விடாது."

எடைமேடைக்காரர் வீட்டுக்கு வந்ததும் டீத்தூள் டப்பாவை எடுத்து அலமாரியின் மேல்தட்டில், பழைய பெட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்தார்.

"இனிமே உனக்கு டீ கிடையாது."

"உங்களுக்கு?"

"எனக்கென்ன? எனக்கு டீ இல்லாம மூளை ஓடாது."

"அப்ப நானும் குடிப்பேன். நீங்க விட்டா நானும் விடறேன்."

"இது என்ன நியாயம்? உடம்பு சரியில்லாதவங்க பத்தியம் இருக்கணும். கூட இருக்கறவனுமா இருக்கணும்?"

"கூட இருக்கறதுன்னா பின்ன என்ன?" என்றாள் அவள்.

அவர் தன் டீ டம்ளரையும் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

டீ இல்லாத முதல் நாள் எடைமேடையில் தலை கிண்ணென்று இருந்தது. மீசை என்று எல்லோரும் கூப்பிடும் டிரைவர் ஜல்லி லோடோடு வந்து நின்றார். எடைமேடைக்காரர் காலி எடையையும் மொத்த எடையையும் இடம் மாற்றிப் போட்டுச் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டார். அந்தச் சீட்டின்படி, ஜல்லி ஏற்றியதும் லாரி இலேசாகிவிட்டிருந்தது.

முதலாளி போனில் கத்தினார். "ஜல்லி ஏத்தினா லாரி பறக்குமாய்யா? பலூனுக்கா எடை போட்டீங்க? இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேற ஆளைப் பார்த்துக்கறேன்!"

அவர் வேலையில் முதலாளி குரலை உயர்த்தியது அதுதான் முதல்முறை. எடைமேடைக்காரர், படியேறிப் போகும் தன் கூண்டு அறையில், மேசைமேல் கையை ஊன்றி அப்படியே உட்கார்ந்திருந்தார். வேலை போனால் போகட்டும் என்று ஒரு கணம் தோன்றியது. அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால், இந்தக் கூண்டில் உட்கார்ந்து யாருக்காக லாரிகளைப் பார்த்துக்கொண்டிருப்பது? ஆனாலும் டீயைத் தொடவில்லை.

நாள் போகப் போகத் தலைவலி விட்டது. மீசை ஒருநாள் சீட்டு வாங்க வந்தவர், வாங்கிக்கொண்டும் போகாமல் நின்றார்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். என்ன டானிக் குடிக்கிறீங்க?"

"டானிக்கா?"

"முன்னெல்லாம் இந்தக் கூண்டுப் படி ஏற நடுவுல ஒரு தடவை நின்னு மூச்சு வாங்குவீங்க. இப்ப நான் ஆரன் அடிக்கறதுக்குள்ள மேல நிக்கறீங்க. முகமும் பளிச்சுனு இருக்கு. சொல்லுங்கண்ணே, நானும் வாங்கிக்கறேன்."

வேறு யாராவது என்றால் சந்தோஷப்பட்டிருப்பார்கள். எடைமேடைக்காரருக்கு முகம் செத்துவிட்டது. எல்லாம் அவள் இரும்பு! அவளுக்காக வாங்கி, அவளுக்காக நறுக்கி, அவளுக்காக வேகவைத்ததில் பாதியை உட்கார்ந்து தின்று, அவர் கொழுத்துக்கொண்டிருக்கிறார். அன்று மாலை கண்ணாடியில் பார்த்தபோது தன் கன்னத்தில் இருந்த சிவப்பு, பக்கத்து வீட்டில் திருடிய பொருள் மாதிரி அவரை உறுத்தியது.

அன்றிலிருந்து தன் பங்கைக் குறைக்கப் போராடினார். அவள் தண்ணீர் எடுக்கத் திரும்பும் நேரம் பார்த்து, தன் தட்டிலிருந்த கொண்டைக்கடலையை அவள் தட்டுக்கு மாற்றினார். அவள் திரும்பி உட்கார்ந்து, தட்டைப் பார்த்து, எல்லாவற்றையும் எண்ணி எடுத்த மாதிரி திருப்பி வைத்தாள். வயிறு சரியில்லை என்று சொல்லிப் பார்த்தார். "அப்ப எனக்கும் வேணாம்" என்று அவள் எழுந்தாள். அவர் அவசரமாக, "இப்ப சரியாயிடுச்சு" என்றார்.

கடைசியில் அவருக்கு ஒரு வழி தோன்றியது. எதிரில் அவர் இருந்தால்தானே பாதி கொடுப்பாள்? மதியச் சாப்பாட்டை டப்பாவில் கட்டிக் கடைக்கே அனுப்பிவிட்டால்? பெரிய டப்பாவாகப் பார்த்து, கீரையும் கடலையும் குடைமிளகாயும் போட்ட பாஸ்தாவை அமுக்கி அமுக்கி நிரப்பி, மேலே எலுமிச்சையைப் பிழிந்து, அவள் பையில் வைத்தார். மாலையில் டப்பா வழித்துத் துடைத்தாற்போலக் காலியாக வந்தது. மறுநாளும் அப்படியே. எடைமேடைக்காரர் பல நாட்களுக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினார்.

ஒருநாள் மேடையில் பழுது. பழுதுபார்ப்பவர் வர மாலையாகும் என்றார்கள். மதிய நேரம். அவள் ரசித்துச் சாப்பிடுவதை ஒரு தரம் கண்ணால் பார்த்துவிட்டு வரலாமே என்று கண்ணாடிக் கடைக்குப் போனார்.

கடையின் பின்னால் ஒரு சின்ன அறை. கதவு பாதி திறந்திருந்தது. லென்ஸ் தேய்க்கும் மனிதர் அந்தப் பெரிய டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, கரண்டியால் மூலையெல்லாம் சுரண்டித் தின்றுகொண்டிருந்தார். எதிரில் எடைமேடைக்காரரின் மனைவி. அவள் கையில் ஒரு காகிதப் பொட்டலம். பொரித்த உருளைக்கிழங்கு! ஒவ்வொன்றாக எடுத்து, உப்பைத் தட்டி, அவ்வளவு ஆசையாகத் தின்றுகொண்டிருந்தாள்.

"இன்னிக்கு எலுமிச்சை தூக்கலா இருக்குக்கா" என்றார் லென்ஸ்காரர்.

"சொல்லிடாதீங்க. நாளைக்கு ரெண்டா பிழிஞ்சுடுவாரு" என்று சிரித்தாள் அவள்.

எடைமேடைக்காரர் சத்தமில்லாமல் திரும்பி நடந்தார்.

வெயிலில் எவ்வளவு தூரம் நடந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. கோபம் வரும் என்று எதிர்பார்த்தார், வரவில்லை. வந்தது பயம். பிடிக்கவில்லை என்றால் சொல்லியிருக்கலாம். வேறு ஏதாவது செய்து கொடுத்திருப்பாரே. உடம்பில் ரத்தமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகும், கொடுத்ததை ஊரார் வாயில் போட்டுவிட்டு, சிரித்துக்கொண்டு கிழங்கைத் தின்கிறாள் என்றால், அவளுக்கு உயிரோடு இருக்க வேண்டும் என்றே தோன்றவில்லையா? இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும், அவளுக்கு என்ன வேண்டும் என்று அவர் ஒருநாளாவது கேட்டதுண்டா? எடைமேடையிலிருந்து வருவார், டீ கேட்பார், கிழங்கு கேட்பார், தூங்குவார். அவள் நின்றுகொண்டேயிருந்ததை, அவளுக்கு உடம்புக்கு முடியாமல் போன பிறகுதானே பார்த்தார்?

மாலையில் அவள் வந்து டப்பாவைக் கழுவ எடுத்தாள்.

"எப்படி இருந்துது?" என்றார்.

"நல்லா இருந்துது."

"எலுமிச்சை?"

"கொஞ்சம் தூக்கல்."

அவ்வளவுதான், உடைந்துவிட்டார். "நான் கடைக்கு வந்திருந்தேன்."

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டேயிருந்தது. அவள் மெல்ல அதை மூடினாள்.

"உனக்கு உன் உடம்பு மேல அக்கறையே கிடையாதா?" என்றார். "நீ போயிட்டா நான் என்ன பண்ணுவேன்னு ஒரு நிமிஷம் யோசிச்சியா?"

அவள் திரும்பி நின்று அவரைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது. ஆனால் உதட்டோரத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ இருந்தது. இந்த நேரத்தில் எப்படி இவளால் சிரிக்க முடிகிறது என்று அவருக்கு இன்னும் கஷ்டமாகப் போயிற்று.

"தினமும் யோசிக்கறேங்க. நீங்க கேட்ட அதே கேள்வியைத்தான் யோசிக்கறேன்" என்றாள்.

"யோசிச்சு என்ன பிரயோசனம்? நாளைக்கே ரத்தம் பார்க்கறோம்."

"பார்ப்போம். எப்படியும் பார்க்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. ஆனா போன தடவை மாதிரி நீங்களும் கூடக் குடுக்கணும். தனியா ஊசி குத்திக்க எனக்குப் பயம்."

"குடுத்துத் தொலைக்கறேன்."

மறுநாள் காலை வெறும் வயிற்றோடு இரண்டு பேரும் பரிசோதனை நிலையத்தில் கையை நீட்டினார்கள். ஊசி போடும்போது அவள் கண் இமைக்கவில்லை. எடைமேடைக்காரர்தான் சுவரைப் பார்த்துக்கொண்டார்.

"சாயங்காலம் ரிசல்ட்டை நானே வாங்கிட்டு வந்துடறேன். நீங்க அலைய வேணாம்" என்றாள் அவள், படியிறங்கும்போது.

"வேணாம்."

"கடையிலேர்ந்து பக்கம்தானே? நான் வாங்கறேனே."

"நீ வாங்கி என்கிட்ட என்ன சொல்லுவியோ, யாருக்குத் தெரியும்? இந்தத் தடவை நான் வாங்கறேன்."

அவள் வாதாடவில்லை. பெருமூச்சு விட்டுவிட்டு, "சரி. வாங்கிட்டு நேரா வீட்டுக்கு வாங்க. கோபமா வராதீங்க" என்றாள்.

மாலை அவர் வேலையை முடித்துக்கொண்டு பரிசோதனை நிலையத்துக்கு வந்தபோது கூட்டம் குறைந்திருந்தது. பெஞ்சில் உட்கார்ந்தார். ஏறியிருக்காது என்று அவருக்குத் தெரியும். கிழங்கைத் தின்றால் எப்படி ஏறும்? குறைந்துதான் இருக்கும். இனிமேல் மாத்திரையோ, ஊசியோ, ஆஸ்பத்திரியோ, எதுவானாலும் வேலைக்கு லீவு போட்டுவிட்டு அவள் பக்கத்திலேயே இருந்துவிடுவது. முதல் காரியமாக அவளுக்கு என்ன சாப்பிடப் பிடிக்கும் என்று அவளையே கேட்பது. அவள் கிழங்கு என்று சொன்னால், அதையும் செய்து கொடுப்பது.

கவுன்டரில் இருந்த பெண் அவரைப் பார்த்ததும் சிரித்தாள். காலையில் ஊசி போட்டதும் அவள்தான்.

"வாங்க சார். ரிசல்ட் வந்துடுச்சு. எல்லாம் நார்மல்."

எடைமேடைக்காரர் கவுன்டரைப் பிடித்துக்கொண்டார். "நிஜமாவாம்மா? நல்லாப் பார்த்துச் சொல்லு. என் மனைவிக்கு இரும்புச் சத்து ஏறியிருக்கா?"

அந்தப் பெண் திரையை ஒரு தரம் பார்த்தாள், அவரை ஒரு தரம் பார்த்தாள்.

"அம்மாவுக்கு எதுக்கு சார் ஏறணும், அவங்களுக்குப் போன தடவையும் சரியாத்தானே இருந்துது? குறைஞ்சிருந்தது உங்களுக்குத்தான், இப்ப ரொம்ப நல்லா ஏறியிருக்கு — வீட்டுல யாரு சார் உங்களுக்கு இவ்வளவு அக்கறையா சமைச்சுப் போடறது?"